மூன்றாவது செல்லோ

அன்புள்ள ஐயா,

நான் வியாசர்பாடியில் இருக்கிறேன். வயது 29. சர்ச்சில் வயலின் கற்றுக்கொண்டு, பதினைந்து வயதில் செல்லோவுக்கு (உட்கார்ந்து முட்டிகளுக்கு நடுவில் வைத்து வில்லால் வாசிக்கும் பெரிய வயலின் மாதிரி வாத்தியம்) மாறினேன். மேற்கத்திய இசைப் பரீட்சையில் எட்டாவது கிரேடு முடித்திருக்கிறேன். ரெக்கார்டிங், கல்யாண ரிசப்ஷன், கிறிஸ்துமஸ் சமயத்தில் சர்ச் நிகழ்ச்சிகள் என்று வாசிக்கிறேன். ரெக்கார்டிங் இப்போதெல்லாம் மாதத்துக்கு இரண்டு வந்தாலே அதிகம். மற்ற நாட்களில் பெரம்பூரில் வாடகை அறையில் வகுப்பு எடுக்கிறேன். ஒன்பது பிள்ளைகள் வயலின், இரண்டே பேர் செல்லோ. அறையில் இருப்பதெல்லாம் கை வைத்த பிளாஸ்டிக் நாற்காலி, வில்லை இழுத்தால் முட்டி இடிக்கிறது. "மேடையில வாசிப்பேன்னு சொன்ன, கடைசில டியூஷன் வாத்தியார் ஆயிட்டியே" என்கிறார் அப்பா. சில ராத்திரிகளில் எனக்கும் அது சரி என்றே படுகிறது. வகுப்பை விட்டுவிட்டு வாசிப்பதை மட்டும் பார்க்கலாமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் வந்த கவலை, கணேசபுரம் சுரங்கப்பாதையில் மழைத்தண்ணீர் நிற்கும் நாளில் அந்தச் செல்லோப் பெட்டியை எப்படிக் கொண்டுபோவீர்கள் என்பதுதான். ஷேர் ஆட்டோவில் அதற்கும் ஓர் ஆள் கூலி கேட்பார்கள் என்று நினைக்கிறேன்.

நான் வாசிக்கத் தெரியாதவன், கேட்கிறவன் மட்டும்தான். அதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். (செல்லோ மனிதக் குரல் மாதிரி இருக்கும் என்று எல்லோரும் எழுதுவதை நானும் எழுதப் போவதில்லை.)

அப்பா சொன்னதை எடுத்துக்கொள்வோம். சபாவில் கச்சேரி கேட்கிறோம். பாடுகிறவருக்குப் பின்னால் அவருடைய சிஷ்யர் உட்கார்ந்து கூடவே பாடுகிறார். அதைப் பார்த்து, "பாவம், வித்வான் டியூஷன் எடுத்துப் பிழைக்கிறார்" என்று யாராவது சொல்வார்களா? நம் ஊரில் சிஷ்யர் இல்லாத வித்வானைத்தான் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். செல்லோ என்று வந்ததும் இந்தக் கணக்கு ஏன் தலைகீழாகிறது என்று எனக்குப் புரியவில்லை. உங்கள் அப்பாவின் கவலை வருமானத்தைப் பற்றியது என்றால் அது வேறு பேச்சு, அதில் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது.

உங்கள் வீட்டிலிருந்து ஒரு பஸ் தூரத்தில் மணலி இருக்கிறது. இன்றைக்கு மணலி என்றால் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை. இருநூறு வருஷத்துக்கு முன்னால் அங்கே ஒரு முதலியார் குடும்பம் ராமசுவாமி தீட்சிதரையும் அவர் பிள்ளைகளையும் வைத்து ஆதரித்தது. மூத்தவர் முத்துசுவாமி தீட்சிதர். தம்பி பாலுசுவாமி (1786–1859) ஜார்ஜ் கோட்டைப் பக்கமிருந்த ஒரு ஐரோப்பியரிடம் வயலின் கற்றுக்கொள்ள ஏற்பாடு செய்ததும் அந்தக் குடும்பம்தான். அண்ணன் கோட்டை பேண்டு வாசித்த மெட்டுகளைக் கேட்டு அந்த மெட்டுகளுக்கே சம்ஸ்கிருதத்தில் பாட்டு வரிகள் எழுதி நோட்டு சாகித்யங்கள் செய்தார். தம்பி அந்த வெள்ளைக்கார வாத்தியத்தில் நம் ராகங்களை வாசித்தார். அவர் ஒருவரே வாசித்து அவரோடு போயிருந்தால், வயலின் இன்றைக்கு எழும்பூர் அருங்காட்சியகத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்திருக்கும். தஞ்சை வடிவேலு வாசித்தார், அப்புறம் இன்னொருவர், இன்னொருவர். இப்போது வயலின் இல்லாமல் கச்சேரியே இல்லை.

செல்லோ இந்த ஊரில் இன்னும் அந்த இரண்டாவது, மூன்றாவது ஆளுக்காகக் காத்திருக்கிறது. உங்கள் கேள்வியை நான் அங்கிருந்துதான் பார்க்கிறேன். ஒரு ஸ்ட்ரிங் குவார்டெட் (நான்கு பேர் தந்தி வாத்தியக் குழு) என்றாலே இரண்டு வயலின், ஒரு வியோலா (வயலினைவிடக் கொஞ்சம் பெரியது), ஒரு செல்லோ வேண்டும். வகுப்பை மூடிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு தினமும் ஆறு மணி நேரம் ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கை வாசிக்கலாம், அவர் தனிச் செல்லோவுக்கு ஆறு சூட் (பல பகுதிகள் கொண்ட இசைத்தொகுப்பு) எழுதி வைத்திருக்கிறார். மாதத்துக்கு ஒன்றாக அவற்றை முடித்தாலும், ஏழாவது மாதம் யாரோடு வாசிப்பீர்கள்? நீங்கள் வாசித்ததில் எது நன்றாக இருந்தது, எது இல்லை என்று காதால் கேட்டுச் சொல்ல வியாசர்பாடியில் யார் இருக்கிறார்கள்?

செல்லோ வித்வான் டேவிட் பாப்பர் (1843–1913) பெயர் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவருடைய நாற்பது பயிற்சிகளோடு மல்லுக்கட்டாத செல்லோ மாணவர் உண்டா? ஐரோப்பா முழுக்கக் கச்சேரி செய்தவர், 1886 முதல் புடாபெஸ்ட்டில் ஆசிரியராகவும் இருந்தார், அங்கேயே குவார்டெட்டிலும் வாசித்தார். மூன்று செல்லோவுக்கு ஒரு ரெக்வியம் (இறந்தவர்களுக்கான அஞ்சலி இசை) எழுதியிருக்கிறார். மூன்று செல்லோ என்பது வாத்தியாரும் இரண்டு மாணவர்களும் என்று நானாக நினைத்துக்கொள்வேன். உங்கள் அறையில் இப்போதே மூன்று செல்லோ இருக்கிறதே.

இன்னொருவர் பிரேசில் இசையமைப்பாளர் வில்லா-லோபோஸ். இளமையில் ரியோ டி ஜெனிரோவின் காபிக்கடைகளிலும் சினிமா கொட்டகைகளிலும் செல்லோ வாசித்துப் பிழைத்தவர், உங்கள் ரிசப்ஷன் மாதிரிதான். 1930ல் செல்லோக்கள் மட்டுமே உள்ள ஒரு குழுவுக்காக இசை எழுதினார். பாக்கையும் தன் ஊர் மெட்டையும் சேர்த்துப் பிசைந்த இசை. வடசென்னைக்காரர் ஒருவருக்கு அதைக் கேட்டால் வேறு யோசனைகள் வரக்கூடும், கானா பாட்டு உங்கள் தெருவிலேயே இருக்கிறது. சரி, அது உங்கள் பாடு.

ரெக்கார்டிங்கை நம்பி உட்காராதீர்கள். ஒரு காலத்தில் ஒரு பாட்டுக்கு வரிசையாக நாற்காலி போட்டு வயலின், செல்லோ என்று ஸ்ட்ரிங்ஸ் வாசித்த ஊர் இது. இன்றைக்கு கீபோர்டுக்குள் பதிவு செய்து வைத்திருக்கும் வாத்திய ஒலியான சாம்பிளே பாதி வேலையை முடித்துவிடுகிறது. வந்தால் போய் வாசியுங்கள், பணத்தைக் கறாராகக் கேட்டு வாங்குங்கள்.

வகுப்பை விடாதீர்கள் என்று சொன்னாலும் ஒரு வகை வகுப்பை விட்டுவிடத்தான் சொல்வேன். பரீட்சைக்கு மூன்று உருப்படி, அந்த மூன்றையே வருஷம் முழுக்க உருப்போட்டு, சான்றிதழ் வந்ததும் அடுத்த மூன்று. என் உறவுக்காரப் பையன் ஒருவன் இப்படி ஐந்து கிரேடு முடித்தான். பிறந்தநாளுக்கு ஒரு பாட்டு வாசிடா என்றால் இசைநோட்டைத் தேடினான். அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவரை நான் குறை சொல்லவில்லை, பெற்றோர் கேட்டது அதைத்தான். ஆனால் அப்படிப்பட்ட மாணவர்கள் பதினொரு பேர் இருந்தால் உங்கள் கையும் ஒரு நாள் அந்த மூன்று உருப்படியிலேயே நின்றுவிடும். அவர்கள் கிரேடு எழுதட்டும். வாரத்தில் ஒரு மணி நேரம் எல்லோரும் சேர்ந்து வாசிக்க வையுங்கள், நீங்களும் உள்ளே உட்கார்ந்து வாசியுங்கள்.

அப்புறம், காலை நேரம் உங்களுடையது. எட்டு மணி வரைக்கும் போனை எடுக்காதீர்கள். பார்சிலோனாவில் பழைய இசைநோட்டுக் கடையில் பாக்கின் அந்த ஆறு சூட்டும் செல்லோ மேதை பாப்லோ கசால்ஸ் கையில் கிடைத்தபோது அவருக்கு வயது பதிமூன்று. மேடையில் வாசிக்கும் முன்னால் பன்னிரண்டு வருஷம் போல வீட்டில் வாசித்துப் பார்த்திருக்கிறார். ரெக்கார்டு செய்யத் தொடங்கியது 1936ல், அறுபதை நெருங்கும்போது. உங்களுக்கு 29.

நாற்காலி விஷயம். கை இல்லாத மர நாற்காலிகள் மூன்று எங்கள் அயனாவரம் வீட்டு மொட்டைமாடி அறையில் சும்மா கிடக்கின்றன. ஒன்றில் கால் கொஞ்சம் ஆடும், ஆணி அடித்தால் போதும். ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் வந்து எடுத்துக்கொண்டு போங்கள். அந்த இரண்டு செல்லோப் பிள்ளைகளையும் அழைத்து வந்தால் ஆளுக்கு ஒன்றாகத் தூக்கலாம்.