சாவியில்லாப் பூட்டு கடற்கரைக்குத் தாங்குமா?

கேள்வி: நாகப்பட்டினம் பகுதியில் இணைய இணைப்புத் தொழில் நடத்துகிறேன். தெருவோர இரும்புக் கருவிப் பெட்டிகளுக்குச் சாவிக்குப் பதிலாகக் கம்பியில்லா அட்டைப் பூட்டு போடலாமா?
— வாசகர், வேளாங்கண்ணி

பதில்: போடலாம், ஆனால் அட்டையின் வகையைக் கேட்டு வாங்குங்கள். 125 கிலோஹெர்ட்ஸில் இயங்கும் பழைய அட்டைகளில் பெரும்பாலானவை, அருகே காட்டியதும் மாறாத ஓர் எண்ணை அப்படியே ஒப்பித்துவிடுவதால், மலிவான கருவியொன்றைக் கொண்டு எவரும் அவற்றை நகலெடுத்துவிடலாம். சாவியைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போவதற்கும் இதற்கும் அதிக வேறுபாடில்லை. 13.56 மெகாஹெர்ட்ஸ் அட்டைகளிலும் மைஃபேர் கிளாசிக் என்ற வகையின் மறையாக்கம் (தகவலை ரகசியக் குறியாக மாற்றும் முறை) 2008-லேயே உடைக்கப்பட்டுவிட்டது என்பதால், ஏஇஎஸ் (AES) என்னும் வலுவான மறையாக்கம் கொண்டதே உகந்தது. வேலையை விட்டுச் சென்றவரின் அட்டையை மட்டும் நீக்கிவிடலாம் என்பதுதான், என் கணிப்பில், அட்டைப் பூட்டின் பெரிய லாபம்.

இரும்புக் கதவு வானலையைத் தடுக்கும். ஆகவே அட்டையை வாசிக்கும் பகுதி வெளிப்புறத்தில் அமைய வேண்டும். வெளியே வந்தால் உப்புக்காற்று விடாது. ரப்பர் விளிம்பும் துருப்பிடிக்காத திருகாணிகளும் அவசியம். 2018 கஜா புயலுக்குப் பின் நாள்கணக்கில் மின்சாரமின்றிக் கிடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். எனவே மின்சாரம் போனாலும் பூட்டியே நிற்கிற, உள்ளிருக்கும் பேட்டரி தீர்ந்தால் வெளியிலிருந்து 9 வோல்ட் பேட்டரியைத் தொட்டுத் திறக்கக்கூடிய பூட்டாகத் தேர்ந்தெடுங்கள். அவசரச் சாவி ஒன்று உடன் வந்தால், அது அலுவலக மேசையில் இருக்கட்டும், பெட்டிக்குள் அல்ல.