அரக்கனுக்கு உள்ளே தம்பி

கேள்வி: அக்கா, நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். சொந்த ஊர் கோபி பக்கம். என் தம்பி, பொருட்காட்சியிலும் நோம்பி நடக்கும் ஊர்களிலும் போடுகிற பேய் வீட்டில் வேஷம் கட்டுகிறான். அங்கே கொடுத்த ரப்பர் முகமூடியும் நைலான் முடி வைத்த கோட்டும் போட்டால் பத்து நிமிஷத்தில் மூச்சு முட்டுகிறது என்கிறான். போன மாதம் ஒருநாள் மயக்கமே வந்துவிட்டது. ஆடியில் அந்தியூர் குருநாதசாமி பண்டிகைக்குப் போகிறார்களாம். அதற்குள் நானே ஓர் அரக்கன் உடை தைத்துக் கொடுக்க ஆசை. ஃபோம் வாங்கலாமா, பொள்ளாச்சித் தென்னை நார் வாங்கலாமா? கையில் இரண்டாயிரம் ரூபாய் இருக்கிறது.
— ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: அம்மிணி, ஃபோமும் வேண்டாம், நாரும் வேண்டாம். உங்களுக்கு வேண்டியது உங்கள் கம்பெனி கட்டிங் டேபிளுக்குக் கீழேயே கிடக்கிறது. அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் அந்த மயக்கத்தைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

வியர்வை காய்ந்தால்தான் உடம்புச் சூடு இறங்கும். ரப்பரும் நைலான் முடியும் காற்றை விடாததால் வியர்வை வழியுமே தவிர காயாது, சூடு உள்ளேயே ஏறிக்கொண்டு போகும். மூடிய முகமூடிக்குள் விட்ட மூச்சையே திரும்ப இழுக்க வேண்டியும் இருக்கும். தம்பிக்குத் தெம்பில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. பல வருஷத்துக்கு முன்னால் ஒரு பள்ளி ஆண்டு விழாவுக்குக் கரடி உடை தைத்தேன். அசல் கரடி போலவே இருக்க வேண்டும் என்று உள்ளே ஃபோம், வெளியே பாலியஸ்டர் முடித் துணி. போட்டது ஏழாம் வகுப்புப் பையன். பாட்டு முடிவதற்குள் மேடையிலேயே உட்கார்ந்துவிட்டான். முதுகு ஜிப், ஈரத் துணியைக் கவ்விக்கொண்டு நகரவில்லை. கத்தரிக்கோலால் கிழித்துத்தான் அவனை வெளியே எடுத்தோம். செக்கச் செவேலென்று இருந்த அந்த முகம் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. அன்றிலிருந்து எந்த வேஷ உடையானாலும் உள்ளே இருக்கிற ஆளிடமிருந்து ஆரம்பித்துத்தான் தைக்கிறேன்.

பேய் வீட்டுக்கு வருகிறவர்கள் உங்கள் அரக்கனை இருட்டில் மூன்று நான்கு விநாடிதான் பார்ப்பார்கள். தம்பியோ ராத்திரி முழுக்க அதைச் சுமக்க வேண்டும். அதனால் செதில், நரம்பு, பல் வரிசை என்று நுணுக்கத்தில் காசையும் கண்ணையும் போக்கிக்கொள்ளாதீர்கள். மொத்த உருவம், கண், கை இந்த மூன்றும் சரியாக அமைந்தால் போதும்.

இப்போது துணி. கட்டிங் வேஸ்டில் சிங்கிள் ஜெர்சி, அதாவது பனியன் தைக்கிற மெல்லிய பின்னல் துணி, காட்டனாகப் பார்த்துப் பொறுக்குங்கள். கேட்டு, காசு கொடுத்தே வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு துண்டை இரண்டு விரல் அகலத்துக்குக் குறுக்குவாக்கில் கீற்றாக வெட்டி, இரண்டு முனையையும் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்துப் பாருங்கள். ஓரம் இரண்டும் தானாகச் சுருண்டு, தட்டைத் துணி கயிறு மாதிரி உருண்டுவிடும். மெஷினில் உங்களைப் பாடாய்ப் படுத்துகிற அதே சுருட்டல்தான், இங்கே வேலையைப் பாதியாகக் குறைக்கிறது. நூறு கீற்று தொங்கவிட்டால், மங்கலான வெளிச்சத்தில் ஆலம் விழுது மாதிரியும் தெரியும், தோல் உரித்த சதை மாதிரியும் தெரியும்.

தொளதொளப்பான பழைய காட்டன் சட்டை ஒன்று, பைஜாமா ஒன்று எடுத்து அதன் மேல் கீற்றுகளைத் தையுங்கள். ஓலை வேய்கிற மாதிரி கீழிருந்து வரிசை வரிசையாக மேலே வாருங்கள். அக்குளிலும் நடு முதுகிலும் தொடை இடுக்கிலும் ஒரு கீற்றுகூடத் தைக்க வேண்டாம். அது காற்றுக்கு விட்ட இடம். கை தொங்குகிறபோது எதுவும் தெரியாது. கீற்று கணுக்காலோடு நின்றுவிட வேண்டும், தரையில் புரண்டால் இருட்டில் காலை வாரிவிடும். சட்டை முன்பக்கம் திறக்கட்டும், ஜிப்புக்குப் பதில் வெல்க்ரோ வையுங்கள். பத்து எண்ணுவதற்குள் தம்பி தானாகவே கழற்ற முடிய வேண்டும்.

நிறம் முடிவு செய்வதற்கு முன்னால் அங்கே என்ன கலர் பல்பு போடுகிறார்கள் என்று கேளுங்கள். சிவப்பு வெளிச்சத்தில் சிவப்புத் துணி வெளுத்துப்போய்த் தெரியும், நீலம் கறுப்பாகிவிடும். எங்கும் பொதுவாகச் சாம்பலும் மண் நிறமும் கலந்து தைத்து, கீற்று நுனியில் மட்டும் வெள்ளை ஃபேப்ரிக் பெயின்ட்டைக் காய்ந்த பிரஷ்ஷால் தடவினால் போதும். முழுக் கறுப்பு வேண்டாம். இருட்டோடு இருட்டாகப் போய்விடும்.

தலைக்கு மூங்கில் கூடை. சந்தையில் கிடைக்கிற இலேசான, கண் அகலமான பின்னலாகப் பார்த்து வாங்கிக் கவிழ்த்துக்கொள்ளுங்கள். கட்டட வேலைக்காரர்கள் போடும் ஹெல்மெட்டின் உள்பட்டையைத் தனியாகக் கழற்றி, கூடைக்குள் கேபிள் டையால் நான்கு பக்கமும் கட்டுங்கள். மண்டைக்கும் கூடைக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி கிடைக்கும், தலையும் ஆடாது. நெற்றி, புருவ மேடு, கன்ன எலும்பு இந்த இடங்களில் மட்டும் செய்தித்தாளைப் பசையில் நனைத்து ஒட்டுங்கள். புளியங்கொட்டைப் பசை நன்றாகப் பிடிக்கும், மைதாவும் சரிதான். ஆனால் பூச்சி அரிக்காமல் இருக்கச் சேர்க்கிற மயில்துத்தம் வேண்டாம், மூக்குக்குப் பக்கத்தில் இருக்கப்போகிற பொருள் இது. ஆடிக் காற்றுக்குச் சீக்கிரம் காய்ந்துவிடும். பின்மண்டையை ஒட்டாமல் விட்டுக் கீற்றுகளைத் தொங்கவிடுங்கள். மேலே ஏறுகிற சூடு அந்த வழியாகப் போகட்டும்.

அரக்கனின் கண்ணைத் தம்பியின் கண்ணுக்கு நேராக வைக்காதீர்கள். நான்கு விரற்கடை மேலே, நெற்றியில் வையுங்கள். ஆள் இன்னும் உயரமாகத் தெரிவார். தம்பி பார்ப்பது அரக்கனின் திறந்த வாய் வழியாக. அங்கே ஒரே மடிப்புக் கறுப்பு வலைத் துணி போதும், இரண்டு மடிப்பானால் வழி தெரியாது. கண்ணுக்கு பேட்டரி, ஒயர் எதுவும் வேண்டாம். சைக்கிள் கடையில் சிவப்பு ரிஃப்ளெக்டர் இரண்டு வாங்கிப் பதியுங்கள். இப்போது யார் உள்ளே வந்தாலும் போன் டார்ச்சை அடித்துக்கொண்டுதானே வருகிறார்கள்? ரிஃப்ளெக்டர், வெளிச்சம் வந்த பக்கமே அதைத் திருப்பி அனுப்பும். டார்ச் பிடித்தவருக்கு அந்தக் கண் பளிச்சென்று எரியும், டார்ச் விலகியதும் அணையும்.

கைக்குச் சொட்டுநீர்க் குழாய். உங்கள் பக்கத்துத் தோட்டங்களில் பழைய துண்டு கட்டாயம் கிடைக்கும். ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, காட்டன் கையுறையின் விரல்மேல் வைத்துக் கட்டி, கணு வருகிற இடத்தில் பாதி அறுத்துவிட்டால் மடங்கும். நுனியைத் துணி சுற்றி மொத்தையாக்கிவிடுங்கள். யார் கண்ணிலாவது பட்டால் வினையாகிவிடும். தம்பி யாரையும் தொடவும் வேண்டாம். நம் கூத்தில் அரக்கன் வேஷம் எப்படி வரும் என்று பார்த்திருப்பீர்கள். இரண்டு பேர் திரை பிடித்திருப்பார்கள், பின்னாலிருந்து சலங்கைச் சத்தம், திரைக்கு மேலே கிரீடத்தின் நுனி. முழு ஆளைக் காட்டுவதற்குள் முன்வரிசைப் பிள்ளைகள் அம்மா மடிக்குப் போயிருக்கும். தம்பியும் அதே மாதிரி முதலில் சுவரோரம் ஒரு விரலை மட்டும் நீட்டட்டும், அப்புறம் கை, அப்புறம் மெதுவாகத் தலை.

ஃபோம், நார் ஏன் வேண்டாம் என்று சொல்லவில்லையே. 1984 மே 11 அன்று அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஒரு பேய்க் கோட்டை தீப்பிடித்து 8 இளம் பிள்ளைகள் இறந்தார்கள். இருட்டில் வழி பார்க்க யாரோ கொளுத்திய லைட்டர் சுவரில் அடித்திருந்த ஃபோமில் பட்டு ஆரம்பித்த தீ அது. ஃபோம் எரிந்தால் வருகிற புகையே விஷம். பாலியஸ்டரும் நைலானும் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். உலர்ந்த தென்னை நார் ஒரு பீடிப் பொறிக்குப் பற்றும், கழுத்தை அரிக்கவும் செய்யும்.

காட்டனும் எரியும், அதனால் இதைச் செய்யுங்கள். ஒரு லிட்டர் சுடுதண்ணீரில் 70 கிராம் வெண்காரம் (போராக்ஸ்), 30 கிராம் போரிக் பவுடர் கரைத்து, கீற்றுகளை முழுக்க நனைத்து, இறுக்கிப் பிழியாமல் நிழலில் உலர்த்துங்கள். ஒரு கீற்றை இடுக்கியில் பிடித்து வாசலில் வைத்துத் தீக்குச்சி காட்டிப் பாருங்கள். கருகலாம், ஆனால் குச்சியை எடுத்ததும் தீ நின்றுவிட வேண்டும். நிற்கவில்லையென்றால் இன்னொரு முறை நனையுங்கள். துவைத்தால் இது போய்விடும், ஒவ்வொரு துவைப்புக்குப் பிறகும் மறுபடி நனைக்க வேண்டும். சமையல் பாத்திரத்தில் கரைக்காதீர்கள், உடம்பை ஒட்டிப் போடும் பனியனுக்கும் இது வேண்டாம்.

அந்த உள்பனியன் தினமும் மூன்று வேண்டும், நனைந்ததை உடனே மாற்ற. இருபது நிமிஷம் வேஷம், பத்து நிமிஷம் தலையைக் கழற்றி வெளிக்காற்றில், உப்புப் போட்ட மோர். இதை முதலாளியிடம் முன்கூட்டியே பேசிவிடச் சொல்லுங்கள். ஒப்புக்கொள்ளாத இடத்தில் நிற்க வேண்டாம். அப்புறம் கழுத்தில் ஒரு விசில். அங்கே வருகிறவர்கள் எல்லாரும் அலறத்தான் போகிறார்கள். தம்பி அலறினால் அது யார் காதிலும் விழாது, விசில் விழும்.

கூடை, ஹெல்மெட், ரிஃப்ளெக்டர், பெயின்ட், வெல்க்ரோ எல்லாம் சேர்த்தும் உங்கள் இரண்டாயிரத்துக்குள் முடித்துவிடலாம். தலை காய்ந்ததும் மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பாருங்கள். ஒரு கிலோவைத் தாண்டினால் நெற்றியில் ஒட்டிய காகிதத்தில் இரண்டு அடுக்கை உரித்துவிட்டு, அதற்கு அப்புறம் பெயின்ட் அடியுங்கள்.