சவூதி ராப்: வசதியான நாட்டில் எதற்குப் போராட்டம்?

சவூதி அரேபியாவின் ராப் பற்றி நண்பர்கள் கேட்டவையும் என் பதில்களும்.

அண்ணா, ராப் என்றாலே வறுமை, போலீஸ் அடி என்றுதான் பேச்சு. வாசலில் ரெண்டு கார் நிற்கும் சவூதிப் பையனுக்குப் போராட என்ன இருக்கிறது? (மதுரை, கல்லூரி மாணவர்)

அந்த ரெண்டு காரில் எதையும் அவன் அம்மாவோ அக்காவோ 2018 ஜூன் வரை ஓட்ட முடியாது, தம்பி. முப்பது வருஷத்துக்கு மேல் மூடிக் கிடந்த சினிமா தியேட்டர்களும் அதே 2018-ல்தான் திறந்தன. மத போலீஸுக்கு 2016 வரை ஆளைப் பிடித்துக்கொண்டு போகும் அதிகாரம் இருந்தது. கட்சி கிடையாது, தொழிற்சங்கம் கிடையாது, ஊர்வலம் கிடையாது. வாயைத் திறக்க ஓர் இடம் வேண்டாமா?

அப்புறம், சவூதிக்காரர் எல்லோரும் பணக்காரர் இல்லை. 2009 நவம்பரில் ஜித்தாவில் சில மணி நேரம் கொட்டிய மழைக்கு நூறு பேருக்கு மேல் செத்தார்கள். இத்தனை எண்ணெய்ப் பணம் உள்ள நாட்டில், பெரிய துறைமுக நகரத்தில், ஒழுங்கான வடிகால் இல்லை. அந்தக் கோபம் இன்னும் அங்கே ஆறவில்லை.

ராப் அங்கே எப்படி வந்தது?

ஜித்தா வழியாக. தலைநகர் ரியாத்தைவிட அது கலப்பான ஊர். ஹஜ்ஜுக்கு வந்து அங்கேயே தங்கிவிட்ட ஆப்பிரிக்க, ஆசியக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றன. அமெரிக்காவில் படித்துவிட்டு ஜித்தாவுக்குத் திரும்பிய குசாய்தான் முதலில் பெரிய பெயர் எடுத்தவர். 2007-ல் எம்டிவி அரேபியா தொடங்கியதும் ‘டார்க் டூ மென்’ போன்ற ஜித்தா குழுக்களும் வெளியே தெரிந்தன. முதலில் ஆங்கிலம் அதிகம். போகப்போக உள்ளூர் அரபி.

‘மக்கா பெண்’ பாட்டுக்குக் கைது உத்தரவு என்று படித்தேன். அப்படி என்ன பாடினார்?

ஒன்றுமே இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல். 2020 பிப்ரவரியில் அசாயல் என்ற இளம்பெண் அந்தப் பாட்டை யூடியூபில் போட்டார். ஒரு காபி கடை, நாலைந்து பிள்ளைகள் ஆடுகிறார்கள், இவர் தலையை மூடிக்கொண்டு பாடுகிறார். மற்ற ஊர்ப் பெண்கள்மேல் மரியாதை உண்டு, ஆனால் மக்கா பெண் கற்கண்டு என்கிறார். கெட்ட வார்த்தை ஒன்றுகூடக் கிடையாது, ஆட்சியைப் பற்றி ஒரு வரி கிடையாது. சொந்த ஊர்ப் பெருமை, அவ்வளவுதான்.

மக்காவின் மரபை அவமதித்துவிட்டது என்று சொல்லி, சம்பந்தப்பட்டவர்களைப் பிடிக்கச் சொல்லி ஆளுநர் உத்தரவிட்டார். பாட்டும் யூடியூபிலிருந்து காணாமல் போனது. அதைவிடக் கொடுமை, ட்விட்டரில் ஓடிய வசவு. அசாயலின் தோல் கறுப்பு. ‘இவள் எங்கள் ஊர்ப் பெண்ணே இல்லை, வந்தேறி’ என்று நிறத்தைச் சொல்லியே அடித்தார்கள். பிரச்சினை பாட்டில் இல்லை. இவள் ‘நான் மக்காக்காரி’ என்று சொன்னதில்தான்.

ஆனால் இன்று அரசே பெரிய இசை விழாக்கள் நடத்துகிறதே, சார். அது மாற்றம் இல்லையா?

மாற்றம்தான், மறுக்க மாட்டேன். 2018 ஜூனில் பெண்கள் கார் ஓட்டும் தடை நீங்கிய நாட்களில் லீசா ஏ என்ற பெண் காரில் ஸ்டியரிங் பிடித்தபடி ராப் பாடிய வீடியோ எங்கும் பரவியது. யாரும் அவரைத் தொடவில்லை, நல்லது. ஆனால் அதற்குச் சில வாரங்கள் முன்பு, மே மாதத்தில், அந்த உரிமைக்காகப் பல வருஷம் போராடிய லூஜைன் அல் ஹத்லூலையும் வேறு சில பெண்களையும் உள்ளே தள்ளினார்கள். லூஜைன் வெளியே வந்தது 2021 பிப்ரவரியில். கிடைத்ததைக் கொண்டாடினால் கைதட்டு, கிடைக்கும் முன்பே கேட்டவருக்குச் சிறை. அசாயலுக்கு அந்த உத்தரவு வந்ததும் இந்தத் திருவிழாக் காலத்தில்தான். 2019 ஜூலையில் ஜித்தாவில் பாடுவதாக இருந்த அமெரிக்க ராப் பாடகி நிக்கி மினாஜ், பெண்கள் உரிமையைக் காரணம் சொல்லி விலகினார். அவர் செய்தது சரி என்றே நினைக்கிறேன்.

நான் தம்மாமில் பத்து வருஷமாக வேலை பார்க்கிறேன். எங்கள் கதையை அவர்கள் பாடுகிறார்களா?

மிகக் குறைவு, அண்ணே. 2022 கணக்கெடுப்பின்படி அந்த நாட்டில் சுமார் நூற்றுக்கு 42 பேர் வெளிநாட்டினர். சாலை போட்டதும் கட்டடம் எழுப்பியதும் நீங்கள். ஆனால் இக்காமாவும் (தங்கும் அனுமதி) வேலையும் கஃபீல் (பொறுப்பேற்று வேலைக்கு வைக்கும் முதலாளி) கையில் இருக்கும்போது மைக் பிடிக்க யாருக்குத் துணிச்சல் வரும்? ஒரு வரி தப்பினால் டிக்கெட் போட்டு அனுப்பிவிடுவார்கள். உள்ளூர் ராப்பர்களும் பெரும்பாலும் இதைத் தொடுவதில்லை. அந்த இசையில் எனக்குள்ள பெரிய மனத்தாங்கல் இதுதான்.

எங்கிருந்து கேட்க ஆரம்பிக்கலாம்?

முதலில் குசாய். அப்புறம் பக்கத்து நாட்டுக்குப் போய் ஃப்ரீக் என்ற ராப்பரைக் கேளுங்கள். சோமாலிய வம்சாவளி, எமிரேட்ஸில் வளர்ந்தவர். அந்த மண்ணின் பேச்சு அரபியில் பாடுகிறார். அங்கே பிறந்து வளர்ந்தாலே குடியுரிமை வந்துவிடாது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.