போருக்குப் பின் மனவடுவை அளந்து ஆண்–பெண், இன வாரியாக ஒப்பிடுகிறார்களே, அதை நம்பலாமா?

நம்பலாம். ஆனால் ஒரே கேள்வியை இரு தரப்பும் ஒரே மாதிரிதான் எடுத்துக்கொள்கிறது என்று ஆய்வாளர்கள் முதலில் காட்டியிருக்க வேண்டும். அதைச் சோதிக்காமல் மொத்த மதிப்பெண்ணை மட்டும் ஒப்பிடும் கட்டுரையை நான் ஏற்பதில்லை.

அதிகம் பயன்படுவது ஹார்வர்ட் மனவடு வினாப்பட்டியல். கெட்ட கனவு, திடுக்கிடல் போன்ற 16 அறிகுறிகளுக்குத் தலா 1 முதல் 4 வரை மதிப்பெண், சராசரி 2.5-ஐ எட்டினால் பாதிப்பு இருக்கலாம் என்று கணக்கு. இந்த 2.5 இந்தோசீன (வியட்நாம், லாவோஸ், கம்போடியா) அகதிகளை வைத்து வகுத்த எல்லை.

இதை இலங்கையில் கேட்டுப் பாருங்கள். ‘எதிர்காலமே இல்லை என்று தோன்றுகிறதா?’ என்பது பட்டியலில் உள்ள ஒரு கேள்வி. கணவர் காணாமல் ஆக்கப்பட்டு, காணியும் ராணுவத்திடம் இருக்கும் பெண் ‘ஆம்’ என்றால் அது நோயின் அறிகுறியா, அவர் வாழும் நிலைமையா? காணி கைவிட்டுப் போகாத ஒருவர், அதே அளவு மனவடு இருந்தும், ‘இல்லை’ என்று சொல்லலாம். பயத்தை ஒப்புக்கொள்ளத் தயங்கும் ஆண், எரிச்சல் வருவதைச் சட்டென்று சொல்லிவிடுவார். அதனால்தான் மொத்த மதிப்பெண் சமமாக இருப்பவர்களை எடுத்து, ஒவ்வொரு கேள்வியிலும் குழுக்களின் பதில்கள் வேறுபடுகின்றனவா என்று பார்க்கிறார்கள்.

அப்புறம், மனவடுவை மட்டும் அளப்பதும் போதாது. போர் முடிந்த 2009-இல் யாழ்ப்பாண மாவட்டத்தில் நடந்த ஆய்வில் மனவடு அறிகுறிகள் 7 சதவீதம், மனச்சோர்வு 22.2, பதற்றம் 32.6 சதவீதம்.