ஃபாஸ்ட் ஃபேஷன் என்றால் என்ன? அவ்வளவு வேகம் எப்படி வருகிறது?

புதிய ஆடை வடிவமைப்பை மாதக்கணக்கில் காக்க வைக்காமல், சில வாரங்களில் கடைக்குக் கொண்டுவரும் முறைதான் ஃபாஸ்ட் ஃபேஷன். 1975-இல் ஸ்பெயினில் முதல் கடையைத் திறந்த ஸாரா என்ற ஆடை நிறுவனம் இதில் முன்னோடி. சூட்சுமம் சாயத்தில் இருக்கிறது. துணியில் ஒரு பகுதியைச் சாயமேற்றாமல் வைத்திருப்பார்கள். எந்த நிறம் விற்கிறது என்று கடைகளிலிருந்து தகவல் வந்தபின் சாயமிட்டு, கொஞ்சமாகத் தைப்பார்கள். பெயின்ட் கடையில் வெள்ளையை வைத்துக்கொண்டு, கேட்ட நிறத்தைக் கலந்து தருவார்களே, அதுபோல. சரக்கு தேங்குவது குறையும்.

அவசரம் மிஞ்சினால் துணியே காட்டிக்கொடுத்துவிடும். டி-ஷர்ட் துணியைச் சுருளிலிருந்து பிரித்து, ஏறக்குறைய 24 மணி நேரம் தளரவிட்டு வெட்ட வேண்டும். இல்லையென்றால் முதல் சலவையிலேயே சுருங்கும். வாங்கும்போது தோள் தையலை மெல்ல இழுத்துப் பாருங்கள். தையல் விரிந்து, இடையில் நூல் பல்லிளித்தால் வாங்காதீர்கள்.

தையல்தான் வேகமாகிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் பெரிதும் குறைந்தது, முடிவெடுப்பதற்கும் கடைக்கு அனுப்புவதற்கும் இடையிலான காத்திருப்பு.