புது ரீலில் மட்டும் சத்தம் இறங்குதா?

ஆம்ப்ளிஃபயரைக் கழற்றாதீங்க. உங்க 35 மிமீ சினிமா புரொஜெக்டர் மெஷின்ல பழைய ரீல் நல்லாக் கேட்டு, பிற்காலத்துப் பிரிண்ட் மட்டும் இரைச்சலோட முணுமுணுக்குதுன்னா, மாத்த வேண்டியது சவுண்ட்ஹெட் (ஃபிலிம் ஓரத்து ஒலித்தடத்தைப் படிக்கிற பகுதி) பல்பை. சிவப்பு எல்இடி போடுங்க.

முன்னெல்லாம் ஒலித்தடம் வெள்ளியால் ஆனது, கறுப்பா இருக்கும். 2000-க்குப் பிறகு வெள்ளியை விட்டுட்டு சயான் (பச்சை கலந்த நீலம்) சாயத்திலேயே போட ஆரம்பிச்சாங்க. குண்டு பல்பில் அகச்சிவப்பு அதிகம். அது சாயத்தைத் தாண்டிப் போயிடும், வெளிச்சத்தைச் சத்தமா மாத்துற ஒளி செல்லுக்குச் சரியாப் பிடிபடாது. சிவப்பு வெளிச்சத்தை அந்தச் சாயம் தடுக்கும், அதான் சிவப்பு எல்இடி.

ஃபிலிமை வெளிச்சத்தில் பிடிச்சு ஓரத்தைப் பாருங்க. தடம் நீலமா இருந்தா இதேதான். சவுண்ட்ஹெட் லென்ஸில் பூஞ்சையும் ஜார்ஜ்டவுன் ஈரத்துக்குச் சகஜம், ஆனா அப்போ பழைய ரீல் சத்தமும் மங்கியிருக்கணும்.

பல்பு வயரிலேயே எல்இடியை மாட்டினா எரிஞ்சிடும். கரண்டைக் கட்டுப்படுத்தும் தனி சப்ளை வேணும். வெள்ளித் தடம் சிவப்பிலும் நல்லாவே கேட்கும்.