பச்சைப்பிள்ளை வளர்ப்பு: ஆச்சியிடம் கேளுங்கள்

காரைக்குடிப் பக்கம் ஒன்பது பேரன் பேத்திகளைக் காலில் போட்டுக் குளிப்பாட்டியவள் நான். புதிதாய்ப் பிள்ளை பெற்றவர்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: ஆச்சி, பிள்ளை பிறந்து 15 நாள். எந்நேரமும் அழுகிறான். பால் பத்தவில்லை, புட்டிப்பால் கொடு என்கிறார்கள். (தேவகோட்டை)

பதில்: அழுகையை வைத்து முடிவு கட்டாதே ஆத்தா. ஈரத்துணியை எண்ணு. ஒரு நாளைக்கு ஆறு துணியாவது நனைந்தால் பால் பத்துகிறது என்று அர்த்தம். பிறந்ததும் எடை கொஞ்சம் இறங்கும். இரண்டு வாரத்துக்குள் பழைய எடை வந்திருக்க வேண்டும். வராவிட்டால் டாக்டரிடம் காட்டு. இராப்பகலாக எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை குடிப்பது வழக்கம்தான். காம்பு மட்டும் வாயில் இருந்தால் உனக்கு வலிக்கும், அவனுக்கும் பால் வராது. சுண்டுவிரலை அவன் கடைவாயில் நுழைத்து விடுவித்துவிட்டு, வாயை நன்றாகத் திறந்ததும் கருவட்டமும் உள்ளே போகிற மாதிரி மறுபடி வை. அப்புறம், பத்தியம் என்று உனக்குத் தண்ணீரைக் குறைப்பார்கள். கேட்காதே. தாகம் எடுக்கும்போதெல்லாம் குடி. பூண்டுக்குழம்பு தாராளமாகச் சாப்பிடு.

கேள்வி: பிறந்ததும் நாவில் தேன் தொட்டுச் சேனை வைக்கலாமா? மாமியார் ஆசைப்படுகிறார்கள்.

பதில்: வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி பச்சைப்பிள்ளையின் தசைகளைத் துவள வைத்துவிடும். ஒரு வயது முடியும்வரை தேன் கூடாது. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே, தண்ணீர்கூட வேண்டாம். நாவில் முதலில் படவேண்டியது சீம்பால்தான். மாமியாரைப் பிள்ளையை மடியில் வாங்கிப் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல். அவர்கள் ஆசையும் நிறையும்.

கேள்வி: எண்ணெய்க் குளியலில் மூக்கு, காதில் எண்ணெய் விடணுமா? (பள்ளத்தூர்)

பதில்: விடவே கூடாது. என் மூத்தவனுக்கு நாங்கள் விட்டோம். முன்னூறு பேர் விருந்துண்ட எங்கள் வீட்டு வளவில் அன்றைக்கு அவன் இருமல் சத்தம் மட்டும்தான். எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கிவிட்டது என்றார்கள். பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தோம். அந்த இருமல் இன்னும் என் காதில் இருக்கிறது. உடம்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவு, கை கால் நீவிவிடு, அது போதும். சாம்பிராணிப் புகையும் வேண்டாம்.

கேள்வி: இரண்டு மாதப் பிள்ளைக்கு உடம்பு சுடுகிறது. கஷாயம்?

பதில்: தெர்மாமீட்டர் வை. 100.4 டிகிரியோ அதற்கு மேலோ இருந்தால் கஷாயம், பற்று எதுவும் வேண்டாம், உடனே ஆஸ்பத்திரி. இராத்திரி என்றாலும் கிளம்பு.

கேள்வி: ஆச்சி, நான் பிள்ளையின் அப்பா. நான் என்ன செய்யலாம்?

பதில்: நல்ல கேள்வி கேட்டாய் தம்பி. பால் குடித்ததும் பிள்ளையை உன் தோளில் சாய்த்து, கழுத்தை ஒரு கையால் தாங்கி, முதுகை மெல்லத் தட்டு. ஏப்பம் வந்ததும் மல்லாக்கப் படுக்க வை, முகத்துப் பக்கம் தலையணை வேண்டாம். இரவு இரண்டு மணிக்கு எழுந்து துணி மாற்றும் வேலையை நீ எடுத்துக்கொள். அவள் தூங்கட்டும்.